குழாய் வாயில் ஒரு கணக்கு

பி.காம். படிக்கிறவன் ஸ்ட்ரிங் தியரி பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துவிட்டு வாங்க. இதில் கணக்குப்பதிவியல் சமாசாரமும் இருக்கு, நம்ம சென்னைக்குப் பங்கும் இருக்கு.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஒரு செராமிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையம் இந்த வாயிலிருந்து அந்த வாய்க்கு நகர்ந்த தடம் என்று அதைச் சொல்லலாம். ஒரு குச்சி வட்டமாகச் சுற்றி வந்த தடம் என்றும் சொல்லலாம். குழாய் ஒன்றுதான். வளையம்தான் மூடிய இழை, குச்சிதான் திறந்த இழை. திறந்த இழையின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் பரப்புக்கு டி-பிரேன் என்று பெயர். அதே குழாய் வாயை மூடிய இழையின் மொழியில் எழுதினால் அது எல்லை நிலை, அதாவது பவுண்டரி ஸ்டேட்.

1989-ல் ஜான் கார்டி சொன்னது நம்ம இருப்பாய்வு மாதிரி. இரண்டு வழியில் போட்ட கணக்கும் டேலி ஆக வேண்டும். திறந்த இழைகளின் எண்ணிக்கை முழு எண்ணாக வர வேண்டும். அரை இழை கிடையாது. 1995-ல் ஜோசப் போல்சின்ஸ்கி, டி-பிரேன்களுக்கு மின்னூட்டம் போன்ற ஒரு சுமை உண்டு என்று காட்டினார். சூப்பர்சிமெட்ரி இருப்பதால், இணையாக நிற்கும் இரு ஒத்த பிரேன்களுக்கிடையே ஈர்ப்பும் விலக்கலும் கழிந்து பூஜ்யமாகிவிடும். இழை உண்டு என்று எந்தச் சோதனையும் இன்றுவரை காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அலகாபாத்தில் இருந்த அசோக் சென் 1998-ல் எதிர்க்கேள்வி கேட்டார்: பிரேனும் எதிர்-பிரேனும் சேர்ந்தால்? டேக்கியான் என்ற நிலையற்ற புலம் தன் பள்ளத்துக்கு உருண்டு விழும்போது, குறையும் ஆற்றல் அந்த ஜோடியின் ஆற்றலுக்குச் சரியாகச் சமம். மிச்சம் வெறும் வெற்றிடம் என்றார். 2012-ல் முதல் ஃபண்டமென்டல் பிசிக்ஸ் பரிசு பெற்ற ஒன்பது பேரில் அவரும் ஒருவர்.

இனி சென்னை. பிரேன்களை காலபி-யாவ் என்னும் மடிந்த வெளிகளில் வைத்தால் கணக்கு கடினம். கெப்னர் மாதிரிகளில் எல்லை நிலைகளை எழுதும் வழியை ரெக்னாகல், ஷோமெரஸ் இருவரும் 1997 டிசம்பரில் கொடுத்தார்கள். ஆனால் லெட்ஜரில் எண் இருக்கு, குடோனில் சரக்கு எங்கே என்று தெரியாத நிலை. 1999 ஜூலையில் ஐஐடி மெட்ராஸின் சுரேஷ் கோவிந்தராஜன், தரமணி மேட்சயன்ஸின் டி.ஜெயராமன், தபோபிரத சர்க்கார் மூவரும், எல்லை வைத்த லாண்டாவ்-கின்ஸ்பர்க் மாதிரிகள் மூலம் அந்த நிலைகளுக்கு வெளியில் என்ன பொருள் என்று தேடினார்கள். அதே குவின்டிக் வெளியைப் பற்றி வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை ஜூனில்தான் வந்திருந்தது.

ஒரே மாத இடைவெளி! எனக்கு இதுதான் பெரிய விஷயம். அல்லாடி ராமகிருஷ்ணன் தன் மயிலாப்பூர் வீட்டில் நடத்திய கருத்தரங்குகளிலிருந்து 1962-ல் மேட்சயன்ஸ் பிறந்தது. அன்று புது இயற்பியல் விருந்தாளியாக வந்தால்தான் உண்டு, நீல்ஸ் போர் 1960-ல் வந்த மாதிரி. 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்கைவ் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. அதன் இந்தியப் பிரதி பல வருடம் மேட்சயன்ஸ் கணினியில்தான் ஓடியது. கோவிந்தராஜனும் ஜெயராமனும் 2000-லும் இந்தத் தேடலைத் தொடர்ந்தார்கள். அந்தக் கட்டுரைகள் எல்லாம் ஆர்கைவில் இலவசம், விருத்தாசலத்திலும் இறங்கும்.