வெள்ளை வானமும் டிரைப் துரையும்

போன ஞாயித்துக்கிழமை கேமராவைத் தூக்கிட்டு அம்பத்தூர்லேர்ந்து திருமுல்லைவாயில் போனேன். மாசிலாமணீஸ்வரர் கோயில்ல நந்தி, சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். போட்டோவுக்கு போஸ் கொடுக்கிற மாதிரியே இருக்கும். உள்ளே கேமராவை எடுக்கத் தைரியம் வரலை (பயந்த சுபாவம், ஹிஹி). தெருவுல நின்னு கோபுரத்தை முப்பது படம் சுட்டேன். உச்சி வெயில். வீட்டுக்கு வந்து பார்த்தா முப்பதுலயும் வானம் சலவை வேட்டி மாதிரி வெள்ளை.

மக்களே, இதே வெள்ளை வானத்தோட நம்மூர்ல மல்லுக்கட்டின ஒருத்தர் இருக்கார். லின்னேயஸ் டிரைப். கும்பெனிப் படையில கேப்டன். 1856-ல சென்னை ராஜதானியோட அரசுப் புகைப்படக்காரரா நியமிச்சாங்க. 1857 டிசம்பர்ல கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு ஒரு சுத்து சுத்தினார்.

பிலிம் ரோல்லாம் அப்போ ஏது? மெழுகு ஏத்தின காகிதம்தான் நெகட்டிவ். ஒரு படத்துக்கே நிமிஷக்கணக்கில் ஒளி காட்டணும். நடந்து போறவன் படத்துல விழவே மாட்டான். அதனாலதான் அவர் எடுத்த மதுரை, ஊரே காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கும். 'ஸ்டாண்ட் போடு, ஆடாதே'ங்கிற நம்ம அரதப்பழசான டிப்ஸ் அவருக்குப் பிழைப்பு.

அந்தக் காகிதம் நீல நிறத்துக்கு ரொம்ப சீக்கிரம் மயங்கிடும். கோபுரம் சரியா விழறதுக்குள்ள வானம் வெளிறிப் போயிடும். மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? பிரஷ்ஷை எடுத்து நெகட்டிவ் மேலயே மேகம் வரைஞ்சார். மரத்துக்கு இலையும் வரைஞ்சிருக்கார். போட்டோஷாப் பண்றது தப்புன்னு சண்டை போடறவங்க கவனிக்கவும்.

ஆனா எனக்குப் பிடிச்சது மேகம் இல்லாத ஒண்ணு. 1858-ல தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோட அடிப்பகுதியில ஓடற கல்வெட்டை, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படம். எல்லாத்தையும் ஒட்டினா கிட்டத்தட்ட 19 அடி நீளம். வெறும் சுவர்! நம்மள்ல யாராவது இதை எடுத்துட்டு வந்தா 'சப்ஜெக்ட் எங்கப்பா?'ன்னு கேட்டிருப்போம். அப்போ தலபுராணம் அந்தக் கோயிலைக் கட்டினது கரிகாலன்னு சொல்லிக்கிட்டிருந்தது. 1890-கள்ல ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படிச்சு அச்சுல கொண்டுவந்தார். கட்டினது நான்தான்னு ராஜராஜன் அதுலயே வெட்டி வச்சிருக்கான். டிரைப் காகிதத்துல அந்த விடை முப்பது வருஷத்துக்கு மேல சும்மா கிடந்திருக்கு.

அவருக்கு என்ன ஆச்சுன்னா, 1859-ல கவர்னரா வந்த டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னார். அடுத்த வருஷமே கடையைச் சாத்தியாச்சு. பட்ஜெட்ல கை வைக்கிற மேனேஜர் எல்லாக் காலத்துலயும் உண்டு போல.

இன்னிக்குக் காலையில ஆறரைக்கே திரும்ப திருமுல்லைவாயில் போனேன். வானம் அழகா நீலமா வந்துச்சு. குறுக்கால ஒரு கரண்ட் கம்பி. அதையும் எடுத்தேன், அழிக்கலை.