காணியும் குழியும், பிட்டும் பைட்டும்

போன மாசம் வீட்டுக்கு ஃபைபர் லைன் போட்டோம். 100 எம்பி வேகம்னு சொல்லித்தான் பணம் கட்டினேன். பையன் ஒரு படம் டவுன்லோடு போட்டப்ப எட்டிப் பார்த்தேன். 12 எம்பின்னு ஓடுது. "ஏமாத்திட்டானுங்கடா"ன்னு கத்திட்டேன். "அப்பா, அது வேற எம்பி, இது வேற எம்பி"ன்னு அவன் சிரிக்கிறான்.

விவரம் கேட்டதும் எனக்கு உடனே பிடிபட்டுடுச்சு. பாகூர் பக்கம் நிலம் வச்சிருக்கிறவனுக்கு இது புதுசே இல்லை. எங்க பத்திரத்தில் ஹெக்டேர், ஆர், செண்டியார். அது பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன கணக்கு. வரப்பில் நின்னு பேசினா குழி, காணி. 100 குழி ஒரு காணி, அதாவது ஏறக்குறைய 53½ ஆர். மண்ணு ஒண்ணுதான், அளவுதான் வேற. எந்தக் கணக்குன்னு கேக்காம விலை பேசினா கை நஷ்டம்.

இதுவும் அப்படித்தான். 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். லைன் விக்கிறவங்க பிட்டில் சொல்றாங்க, கம்ப்யூட்டர் பைட்டில் காட்டுது. 100-ஐ 8-ஆல் வகுத்தா 12½. கணக்கு சரியாத்தான் இருக்கு.

புதுச்சேரி டவுனில், முத்தியால்பேட்டையில் இருக்கிற எங்க சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவர் சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர். "பிரான்ஸ்ல பைட்டுன்னு சொல்ல மாட்டான்டா, ஓக்தேம்பான். எட்டுன்னு பேர்லயே இருக்கு, குழப்பமே வராது"ன்னார். அங்க 1982-லயே மினிடெல்னு ஒரு பெட்டி வந்துடுச்சாம். டெலிபோன் லைனில் மாட்டினா ரயில் டிக்கெட் போடலாம், போன் நம்பர் தேடலாம். அதோட வேகம் வினாடிக்கு 1,200 பிட். நாம திருப்பி அனுப்புறது வெறும் 75 பிட். அதை வச்சே 2012 ஜூன் 30 வரைக்கும் ஓட்டியிருக்காங்க.

நம்ம நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அப்ப டயல்-அப் வேகம் 9,600 பிட். 1998-ல் 56,000 பிட் மோடம் வந்துச்சு. நேரு வீதி பக்கம் பிரவுசிங் சென்டரில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டு நானும் உக்காந்திருக்கேன். பாரிஸிலிருந்து தங்கச்சி அனுப்பின குழந்தை போட்டோ, மேலேர்ந்து கோடு கோடா இறங்கும். முகம் வர்றதுக்குள்ள பாக்கெட்டில் இருக்கிற காசை எண்ணிப் பார்த்துக்குவேன்.

அது ஏன் 56,000? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நம்ம குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா எழுதுது. 8,000 x 8 = 64,000. ஒரு ஆள் பேச இது போதும். இந்த எட்டில் ஒரு பிட்டை மோடம் நம்ப முடியாது. மீதி ஏழு. 7 x 8,000 = 56,000. பழைய லைனில் அதுவும் முழுசா கிடைக்காது.

ஃபைபரும் அதே குரல் கணக்கில்தான் பொறந்தது. சோனெட்னு 1980-களில் வந்த முறையில் அடிப்படை அளவு ஓசி-1. வினாடிக்கு 8,000 தடவை, தடவைக்கு 810 பைட். பெருக்கிப் பாருங்க, 5 கோடியே 18 லட்சத்து 40 ஆயிரம் பிட். அதாவது 51.84 மெகாபிட். அதை 56,000-ஆல் வகுத்தா சுமார் 925 மோடம். அதுபோல மூணு மடங்கு எஸ்டிஎம்-1, 155.52 மெகாபிட். ஒரு மெகாபைட் போட்டோ மோடத்தில் 143 வினாடி, ஓசி-1-ல் ஆறில் ஒரு வினாடிகூட ஆகாது.

ஆனா ஒண்ணு. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் எவ்வளவு தண்ணி கொண்டாந்து பாகூர் ஏரியை நிரப்பினாலும், என் வயலுக்கு என் மடை அளவுக்குத்தான் பாயும். கடலுக்கடியில் ஃபைபர் ஓடினப்பவும் நமக்கு மடை அந்த 56,000-தான்.

அந்தச் சின்ன மடையை நல்லாப் பயன்படுத்தினதும் இதே மண்ணுதான். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமா வச்சு கிராமங்களில் தகவல் மையம் திறந்தது. போன் சரியா எடுக்காத ஊருக்கு ரேடியோ செட் வழியா தகவல் போச்சு. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் வர்ற அலை உயரத்தைப் பார்த்து, மீனவருக்கு ஒலிபெருக்கியில் சொல்லுவாங்க. நாலு வரி சேதி. 1,000 எழுத்துன்னே வச்சாலும் 8,000 பிட். மோடத்துக்கு ஏழில் ஒரு வினாடி வேலை.

2004 டிசம்பர் 26. நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் டிவியில் சுனாமியைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் சொன்னாங்க, ஊரே ஓடித் தப்பிச்சுது. வீடு போச்சு, படகு போச்சு. 3,000 பேருக்கு மேல இருந்த ஊரில் ஒரு உயிர் போகலை. அந்தச் சேதிக்குத் தேவைப்பட்டது ஒரு குரல் போற தடம்தான்.

பையன்கிட்ட சத்தம் போட்டதுக்கு வருத்தம் சொல்லிட்டேன். நீங்களும் இனி யாராவது எம்பின்னு சொன்னா, பிட்டா பைட்டான்னு முதல்ல கேட்டுக்குங்க. குழியா ஆரான்னு நாங்க கேக்குற மாதிரி.