கர்ணம் கணக்கும் லாகோஸ் கணக்கும்

லாகோஸில் ஆடிட்டராக இருக்கும் என் சித்தி பையன் போன பொங்கலுக்கு கீழ்பென்னாத்தூர் வந்திருந்தான். நைஜீரியாவில் 2012 முதல் பங்குச்சந்தைக் கம்பெனிகள் ஐஎஃப்ஆர்எஸ் எனும் சர்வதேச நிதி அறிக்கைத் தரப்படி கணக்குக் காட்டணும். அங்கே உள்ள கணக்கர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் இவன் வேலை. "புது விதி கஷ்டமில்லண்ணா. இருபது வருஷம் வேற மாதிரி எழுதுன கையைத் திருப்புறதுதான் கஷ்டம்" என்றான்.

எனக்கு எங்க ஊர் கர்ணம் ஞாபகம் வந்துவிட்டது.

ஆற்காடு நவாப் கையிலிருந்து 1801இல் இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனபோது ஊர்க்கணக்கு ஓலையில் இருந்தது. முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. இதில் காணி நில அளவும்கூட. செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி 1.32 ஏக்கர், அளவுகோல் மாறினால் காணியும் மாறும். உள்ளூர்க்காரனுக்கு இதில் குழப்பமே கிடையாது. குழப்பமெல்லாம் கலெக்டருக்குத்தான்.

ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக வரி போடணும். நூற்றுக்கணக்கான கிராமங்களைக் கூட்டிப் பார்க்கணும் என்றால் எல்லாரும் ஒரே படிவத்தில் எழுதியாகணும், இல்லையா? அப்படி வந்தவைதான் எண் போட்ட கிராமக் கணக்குகள். 2ஆம் எண் அடங்கல், 10ஆம் எண் சிட்டா. ஓலை போய்க் காகிதம், காணி போய் ஏக்கர் சென்ட். 1895ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, பரம்பரை உரிமை இருந்தாலும் விதித்த கல்வித்தகுதி இல்லாதவருக்குக் கர்ணம் வேலை கிடையாது. லண்டனில் இருக்கும் முதலீட்டாளர் லாகோஸ் கம்பெனியின் கணக்கைப் படிக்கணும் என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருந்து படிப்பவருக்காகத்தான் தரம் மாறுகிறது.

எங்க பக்கம் விஷயம் சிக்கலானது அடுத்த மாற்றத்தில். 1979இல் யூடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1987 வரை நடந்தது. ஏக்கர் சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது. அது நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் ஊர்க்கணக்கை வைத்திருந்தது நியாயமில்லைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நேரத்தைப் பாருங்க. புத்தகம் மாறுகிற அதே வருஷங்களில், பழைய புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவரும் வெளியே போய்விட்டார். புதிதாக வந்த விஏஓக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எந்த வயலுக்கு எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு என்பதை எந்தப் பயிற்சியில் சொல்லித்தர முடியும்?

எங்க பாட்டி நிலம் ஒரு காணி. புது அளவில் 53.5 ஏர் வரணும். வந்த சிட்டாவில் 35.5. எழுதியவர் கை இரண்டு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டது, அவ்வளவுதான். நாற்பத்துநாலு சென்ட் போச்சு. பாட்டிக்கு ஏரும் தெரியாது, ஹெக்டேரும் தெரியாது. பேங்க் லோனுக்குப் போனபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

அப்பா பழைய கர்ணத்தைத் தேடிப் போனார். பதவி போய் ஏழெட்டு வருஷம். திண்ணையில் உட்கார்ந்து சிட்டாவை வாங்கிப் பார்த்தவர், விரலை மடக்கிக் காணியாக மாற்றிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா நிலத்துல முக்காக் காணி கூட இல்லன்னு எழுதியிருக்கான்" என்றாராம். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் எந்த சர்வே எண்ணைப் பார்க்கணும் என்பதையும் புத்தகம் இல்லாமலே சொன்னாராம். அந்தப் பக்கத்தின் நகலை வைத்துத்தான் மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு எழுதினோம்.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவன் வேலை செய்த ஓர் இடத்தில் பயிற்சி முடிந்த மாசமே பழைய கணக்கர்களை நிறுத்திவிட்டார்கள் என்றான்.

எங்க மனுவுக்கு உத்தரவு வர மூணு ஜமாபந்தி ஆச்சு.