நாடு கடக்கும் சைக்கிள் பயணங்களும் அவற்றின் ஆயத்தமும்

பல நாடுகளைச் சைக்கிளில் கடந்து ஒரு நற்பணிக்கு நிதி திரட்டும் வழக்கம் சாகசத்தில் பிறந்தது. தருமம் பின்னால் வந்து சேர்ந்தது. ஆயத்தம் என்ற சொல்லுக்கு இந்த வழக்கத்தில் காலந்தோறும் பொருள் மாறிவந்திருக்கிறது. துப்பாக்கியும் மழைக்கோட்டும் போதும் என்றிருந்த காலம் ஒன்று. விசாவும் வங்கிக் கணக்கும் இல்லாமல் ஓரடி நகர முடியாத காலம் இன்று. கால்களின் வலு எந்தக் காலத்திலும் ஆயத்தத்தின் சிறு பகுதியாகத்தான் இருந்திருக்கிறது.

உலகைச் சைக்கிளில் முதலில் சுற்றியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். முன்சக்கரம் மிக உயர்ந்து நிற்கும் பழைய கொலம்பியா சைக்கிளில் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். மாற்றுச் சட்டை, காலுறைகள், இரவில் கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி: ஏறத்தாழ இவ்வளவே அவருடைய மூட்டை. ஐரோப்பாவைக் கடந்து தெஹ்ரானில் குளிர்காலத்தைக் கழித்தார். அதற்கு மேல் அவரைத் தடுத்தது பாதையல்ல, அரசுகள். ரஷ்யா அனுமதி தரவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கடல்வழியாகச் சுற்றிக் கராச்சி வந்து, லாகூரிலிருந்து கிராண்ட் டிரங்க் பெருவழிச் சாலையில் கல்கத்தா வரை 1886இல் சைக்கிள் மிதித்தார். மரநிழலும் கிணறுகளும் உள்ள அந்தச் சாலை அவருடைய பயணத்தின் நல்ல சாலைகளில் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் யோகஹாமாவில் பயணம் முடிந்தது.

1885இல் ஸ்டார்லியின் உயரம் குறைந்த ரோவர் சைக்கிளும் 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்த பிறகு, நெடும்பயணம் சாமானியர்க்கும் எட்டியது. ஆபத்தும் கூடவே வந்தது. 1892இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து தனியாகக் கிளம்பிய ஃபிராங்க் லென்ஸ், 1894இல் கிழக்குத் துருக்கியில் காணாமல் போனார். கொல்லப்பட்டார் என்றே முடிவாயிற்று. அதே 1894இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஆனி லண்டன்டெரி வேறொரு வழியைக் கண்டார். ஊற்றுநீர் விற்ற ஒரு நிறுவனம் தந்த 100 டாலருக்கு அதன் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார்; உடையிலும் சைக்கிளிலும் விளம்பரம் தாங்கினார். பயணச் செலவை அடுத்தவர் ஏற்பதும், அதற்கு ஈடாகப் பயணி அவர் பெயரைச் சுமப்பதும் இப்படி வழக்கத்துக்கு வந்தன. இன்றைய நற்பணிப் பயணிகளின் சட்டையில் காணும் ஆதரவாளர் முத்திரைகளுக்கு வேர் அங்கே இருக்கிறது.

இந்தியாவில் இந்த வரலாறு பம்பாயில் தொடங்குகிறது. நடந்தே இந்தியா வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் 1920இல் ஓவல் மைதானத்தில் ஆற்றிய உரை, பம்பாய் பளுதூக்கும் சங்கத்துப் பார்சி இளைஞர்கள் சிலரின் மனத்தில் தைத்தது. மூன்றாண்டு கழித்து, 1923 அக்டோபர் 15 அன்று அறுவர் கிளம்பினார்கள்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா, குஸ்தாத் ஹாதிராம், கேகி போச்கானாவாலா, நரிமன் கபாடியா. பாரசீகம், ஈராக், சிரியா, சீனாய்ப் பாலைவனம், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, இந்தோசீனா, சயாம், பர்மா என்று சுற்றி 1928 மார்ச் 18 அன்று ஊர் திரும்பியபோது மூவர்தான் மிஞ்சியிருந்தார்கள். கபாடியா சொந்தக் காரணத்தால் தெஹ்ரானிலிருந்து திரும்பிவிட்டார். ஹாதிராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். போச்கானாவாலா அங்கிருந்து ஊருக்குக் கப்பலேறினார். ஹக்கீம், பாபாசோலா, பும்காரா ஆகியோர் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரை முடித்தார்கள்.

இவர்களுடைய ஆயத்தத்தில் கவனிக்க வேண்டியது சங்கம். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த உடல் அவர்களுக்கு முன்பே இருந்தது. ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்தார்கள். ஆனாலும் குழுவில் பாதி கலைந்தது. உடல் எவ்வளவு தயாராக இருந்தாலும் குடும்பம், மனம், புது நாட்டின் ஈர்ப்பு ஆகியவற்றுக்கு ஆயத்தம் செய்ய முடிவதில்லை. பின்னாளில் குழுவாகப் புறப்பட்ட பலருக்கும் இதே கதிதான்.

பம்பாய் முன்மாதிரி உடனே தொற்றிக்கொண்டது. பிராம்ரோஸ் தாவர் 1924இல் தனியே கிளம்பி, வியன்னாவில் குஸ்தாவ் ஸ்டாவ்யானிக் என்ற துணையைச் சேர்த்துக்கொண்டு, சஹாராவையும் அமேசான் காட்டையும் ஆண்டிஸ் மலையையும் கடந்து 1931இல் முடித்தார். கேகி காரஸ், ருஸ்தம் காந்தி, ரத்தன் ஷ்ராஃப் ஆகிய மூவர் 1933இல் புறப்பட்டு, உலகப்போர் மூண்ட பின்பும் பயணத்தில் இருந்து, 1942இல் திரும்பினார்கள்.

வங்காளத்திலிருந்து புறப்பட்டவர்களின் ஆயத்தம் இன்னும் எளியது. 1926 டிசம்பர் 12 அன்று கல்கத்தாவிலிருந்து மூன்று தோழர்களுடன் கிளம்பிய பிமல் முகர்ஜி 1937இல் தனியாகத் திரும்பினார். கையிருப்பு தீர்ந்த இடத்திலெல்லாம் வேலை தேடிக்கொண்டார்; வடகடலில் மீன்பிடிப் படகிலும் டென்மார்க்கில் பால்பண்ணையிலும் உழைத்திருக்கிறார். ராம்நாத் பிஸ்வாஸ் 1931 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து தொடங்கியபோது அவரிடம் இருந்தவை ஒரு ஜோடிச் செருப்பு, இரண்டு போர்வை, சைக்கிள் பழுதுபார்க்கும் பெட்டி. அந்தப் பெட்டிதான் அவருடைய முழு ஆயத்தமும். பாதையோரத்தில் சைக்கிளைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் எங்கும் சிக்கிக்கொள்ள மாட்டான் என்ற கணக்கு அது. இன்றும் பிசகாத கணக்கு.

இவர்களில் யாரும் தருமத்துக்கு நிதி திரட்டவில்லை. அடிமைநாட்டு இளைஞர் உலகைச் சுற்ற முடியும் என்று காட்டுவதே அவர்களுக்குப் போதிய காரணமாக இருந்தது. ஒரு கொள்கையைத் தூக்கிக்கொண்டு நாடுகளைக் கடப்பது சுதந்திரத்துக்குப் பின் வலுப்பெற்றது. 1962 ஜூன் 1 அன்று தில்லி ராஜ்காட்டிலிருந்து சதீஷ்குமாரும் ஈ. பி. மேனனும் அணுஆயுதத்துக்கு எதிராக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நோக்கிக் கிளம்பினார்கள். அது நடைப்பயணம், எனினும் ஆயத்தத்தின் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. காசு கொண்டுபோகாதீர்கள் என்று காந்தியவாதி வினோபா பாவே சொன்னதை அவர்கள் அப்படியே கடைப்பிடித்தார்கள். காசில்லாதவன் ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். தட்டினால் பேசியாக வேண்டும். கொள்கை பரவ அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

தமிழ்நாட்டில் இதே காலத்தில் வேறொரு சைக்கிள் வழக்கம் ஊர்தோறும் இருந்தது. ஊர்ப் பொட்டலில் வட்டம் போட்டு, நடுவே கம்பம் நட்டு, குழாய் ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் ஏழு நாளோ பத்து நாளோ கால் தரையில் படாமல் சைக்கிள் ஓட்டுவார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. மாலையானால் ஊரே கூடும். விரித்த துண்டில் சில்லறை விழும். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அந்தக் காசு ஓட்டுபவரின் பிழைப்புக்கு. ஆனாலும் ஒருவர் உடல் வருத்தி ஓட்டுவதைப் பார்த்து மற்றவர் காசு தருவது என்ற அடிப்படை, நற்பணிப் பயணத்தின் அடிப்படையேதான். தமிழ்க் கிராமத்துக்கு அதை யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

நிதி திரட்டும் பயணம் ஒழுங்கான அமைப்பாக வளர்ந்தது மேலைநாடுகளில். லண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான ஓட்டம் 1976இல் தொடங்கி, 1980 முதல் இதயநோய் அறக்கட்டளை ஒன்றுக்கு நிதி சேர்த்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தை ஊடறுக்கும் பயணம் 1980இல் 36 பேருடன் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தொடங்கியது. ஓட்டுபவர் ஒவ்வொருவரும் புறப்படுமுன்பே குறிப்பிட்ட தொகை திரட்டித் தர வேண்டும் என்ற விதி இத்தகைய பயணங்களில் நிலைபெற்றது. 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கிய எய்ட்ஸ் பயணங்கள் பெருந்தொகை ஈட்டின. ஆனால் அவற்றுள் சிலவற்றில் கூடாரம், சாப்பாடு, விளம்பரம் என்று நடத்தும் செலவே பெரும்பங்கைத் தின்றது. நோயாளிக்கு என்று கொடுத்த காசு பந்தலுக்குப் போனதை மக்கள் பொறுக்கவில்லை. 2002இல் அந்த ஏற்பாடு நின்றது. ஓட்டுபவரின் செலவு வேறு, தருமக் காசு வேறு என்று முதல் நாளிலேயே பிரித்து வைப்பது அன்றிலிருந்து ஆயத்தத்தின் தலையாய வேலையாகியிருக்க வேண்டும். எல்லாரும் இன்னும் அப்படிச் செய்வதில்லை என்பது வருத்தம்.

தமிழர் வாழும் நிலத்தில் இதை நன்றாகச் செய்துகாட்டியது இலங்கையின் 'டிரெயில்' நடைப்பயணம். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து திரட்டிய நிதியில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. கொடுத்தவர் தம் காசு எந்தக் கட்டடமாயிற்று என்று போய்ப் பார்க்க முடிகிறது. இந்தியாவிலிருந்து சைக்கிளில் போனவர்களில் சுந்தரவனத்துச் சோமேன் தேவ்நாத், எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக 2004இல் தொடங்கி 191 நாடுகள் என்று இலக்கு வைத்தார். ஆப்கானிஸ்தானில் தலிபான்களிடம் சில வாரங்கள் பிடிபட்டிருந்தார். அவர்களுக்குச் சமைத்துப்போட்டு நம்பிக்கை பெற்று வெளியே வந்தார். ஸ்டீவன்ஸைத் திருப்பி அனுப்பிய அதே நாடு.

இன்றைய ஆயத்தத்தில் முதலாவது சைக்கிள். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை எழுந்ததும், லூதியானாவும் சோனிபட்டும் உற்பத்தியில் இறங்கியதும் சைக்கிளை எளியவர் கைக்குக் கொண்டுவந்தன. முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பி கொண்ட அந்தக் கறுப்புச் சைக்கிள் அரிசி மூட்டை சுமப்பதற்கென்றே செய்யப்பட்டது. பாரம் அதற்குப் புதிதல்ல. நெடும்பயணத்துக்கு இரும்புச் சட்டத்தை அனுபவசாலிகள் விரும்பக் காரணம், எந்த நாட்டிலும் வெல்டிங் பட்டறைக்காரர் அதை ஒட்டிவிடுவார் என்பதே. பாரம் ஏறிய சைக்கிளில் முதலில் அறுவது பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி. அதை மாற்ற ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். கழற்றும் சாவி இல்லையென்றால் இரண்டு ரூபாய்க் கம்பிக்காக இரண்டு நாள் நிற்க நேரும். அதனால் சரியான அளவுள்ள நாலைந்து கம்பிகளைச் சட்டத்தோடு ஒட்டி, அந்தச் சாவியையும் பையில் போட்டுக்கொள்கிறார்கள். புறப்படுமுன் முழுதாகப் பிரித்து ஓவராயில் செய்து, சக்கரக் கோட்டம் எடுத்து, பாரத்துடன் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் கோட்டம் பார்க்க வேண்டும். புதுக் கம்பிகள் தளர்வது அந்த முதல் ஓட்டத்தில்தான்.

உடலுக்கான பயிற்சி ஊருக்கு ஊர் மாறும். நிலமே குறைந்த தீவில்கூட அது நடக்கிறது. அந்தமானில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், தமிழ்க் கடைகளும் மணிக்கூண்டுமாக நிற்கும் அபர்டீன் பஜாரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோதான். தெற்கே சிடியா டாப்பு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மேற்கே வண்டூர் அதைவிடச் சற்று அதிகம். வடக்கே போனால் ஜிர்காடாங்கில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி தொடங்குகிறது. அங்கே வண்டிகள் குறித்த நேரத்தில் கான்வாயாகவே போக வேண்டும். ஆகவே நூறு கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் இதே சாலைகளில் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். இரு பருவமழையும் கொட்டும் ஊர். உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருவேறும். இந்தத் தீவுகளிலிருந்துதான் சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்டு வந்தார். கார் நிக்கோபாரில் 2004 ஆழிப்பேரலையில் தப்பிய சிறுமி அவர். 2018இல் உலக இளையோர் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்று, மறு ஆண்டு அணிப் போட்டியில் தங்கமும் வென்ற ஈசோ ஆல்பெனும் இங்கிருந்தே வந்தார். அவர்களுடையது விரைவோட்டம். ஆனால் குட்டையான மேடுகளில் நாள் தவறாமல் ஓட்டிய காலுக்கு நெடும்பயணமும் எட்டும். தீவிலிருந்து தரைவழியாக நாடு கடக்க நினைப்பவர் முதலில் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ கப்பலேற வேண்டும். மூன்று நாள் அளவு கடலில் போகும். தேதி குறிக்கும்போது கப்பல் அட்டவணையைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆவணங்கள் அடுத்தது. 1928இல் பர்மா வழியாக வந்த பார்சிகளின் பாதை, 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் நம்பத்தக்கதாக இல்லை. மேற்கே பாகிஸ்தான் எல்லை அரசியல் காற்றுக்கேற்பத் திறக்கும், மூடும். தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோர்க்குக் கிடைத்த புது வழி, 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல். ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு அதற்கான தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் நோயுள்ள நாட்டிலிருந்து திரும்பினால் இந்தியாவில் இறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் சிக்கலானது பணம். வெளிநாட்டில் திரட்டும் நன்கொடையை இந்திய அறக்கட்டளை வாங்க, 2010ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வந்தாக வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பயணி தன் சொந்தக் கணக்கில் வாங்கிப் பிறகு கொடுத்துவிடலாம் என்று நினைத்தால் அறக்கட்டளையும் மாட்டிக்கொள்ளும். உள்ளூர் நன்கொடையாளர் 80ஜி வரிவிலக்கு ரசீது கேட்பார். அந்தத் தகுதி உள்ள அமைப்பைத் தேர்ந்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே முதல் ரூபாயைக் கேட்க வேண்டும். சைக்கிள், விசா, கப்பல், சாப்பாடு ஆகியவற்றைப் பயணியோ தனி ஆதரவாளரோ ஏற்க, நன்கொடை நேரே அறக்கட்டளைக் கணக்குக்குப் போவதே சரியான ஏற்பாடு. பயணம் முடிந்ததும் இரு கணக்கையும் தணிக்கை செய்து வெளியிட வேண்டும்.