ஐம்பதுக்கு ஒரு புள்ளி குறைந்தால்

அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் படையில் இருப்பவர் முழுநேரச் சிப்பாய் அல்ல. வாரம் முழுக்க பஸ் ஓட்டுவார், பள்ளியில் பாடம் எடுப்பார், ஆலையில் ஷிப்ட் பார்ப்பார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவார். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வார முகாம். இப்படி இருபது ஆண்டு முடித்தால் 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. சிக்கல் அந்த 'ஆண்டு' என்ற சொல்லில்தான்.

ஓர் ஆண்டு கணக்கில் ஏற வேண்டுமென்றால் அந்த ஆண்டில் குறைந்தது 50 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். படையில் பெயர் இருப்பதற்கே 15 புள்ளி. ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்கு நான்கு. பன்னிரண்டு மாதத்துக்கு 48. முகாமில் நாளுக்கு ஒன்று வீதம் 15. ஆக மொத்தம் 78. ஒழுங்காகப் போனால் 50 என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஆலையில் விடுப்பு தரவில்லை, முகாமை ரத்து செய்துவிட்டார்கள் என்று ஏதோ ஒன்று வந்து 49இல் நின்றுவிட்டால்? அந்த 49 புள்ளியும் பின்னால் தொகையைக் கணக்கிடும்போது சேரும். ஆனால் ஆண்டு சேராது. பத்தொன்பது ஆண்டும் 49 புள்ளியும் உள்ளவருக்கு அந்த ஓய்வூதியத்தில் ஒரு டாலர்கூட இல்லை.

இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்த ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. அவரவர் சேர்ந்த தேதியில் தொடங்குகிறது. மார்ச் 10இல் சேர்ந்தவருக்கு மார்ச் 10 முதல் அடுத்த மார்ச் 9 வரை ஓர் ஆண்டு. கோப்பில் யாரோ ஒரு எழுத்தர் அதை ஜூலை 10 என்று எழுதிவிட்டால், ஒரே ஆண்டுக்குள் இருந்த 55 புள்ளி இரண்டாக உடைந்து, இரண்டு பக்கமும் 50 எட்டாமல் போகலாம். அந்த மனிதர் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிடவில்லை. பேனா தவறியது. இது அவருக்குத் தெரிய வருவது பெரும்பாலும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான்.

இதை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் இளம் தோழர்களுக்கு இரண்டு தேதிகள். ரிசர்வ் படையினருக்கு இந்த ஓய்வூதியத்தைக் கொடுத்த சட்டம் 1948 ஜூன் 29இல் வந்தது. ராணுவத்தில் நிறப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் 9981ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26. இடையில் நான்கு வாரம்கூட இல்லை. புள்ளி சேர்க்கும் விளையாட்டு தொடங்கியபோது, கறுப்பின வீரர்கள் இன்னும் தனிப் பிரிவுகளில்தான் இருந்தார்கள். ஆணை வந்த பிறகும் அது உடனே எல்லா இடத்துக்கும் போகவில்லை. மாநிலங்களின் கையில் இருந்த நேஷனல் கார்டு அதற்கு வெளியே நின்றது. அங்கே செய்யும் பணிக்கும் இதே 50 புள்ளி, இதே 20 ஆண்டுக் கணக்குதான். 1960களின் தொடக்கத்திலும் தென் மாநிலங்கள் பலவற்றின் நேஷனல் கார்டில் ஒரு கறுப்பினத்தவர்கூடக் கிடையாது. டெட்ராய்ட், நெவார்க் நகரங்கள் எரிந்த பிறகு அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தபோது, நாடு முழுவதும் சேர்த்தே தரைப்படை நேஷனல் கார்டில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவரைச் சற்றுத் தாண்டியிருந்தார்கள்.

சேரவே விடாதவனுக்குக் கோப்பு கிடையாது. கோப்பு இல்லாதவன் எதைத் திருத்தக் கேட்பான்?

நம் வரலாற்றில் இதற்கு நேரான கதை உண்டு. 1890களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மகார்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. அதற்கு முன் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்ற ராம்ஜி சக்பாலுக்கு ஓய்வூதியம் இருந்தது. அவர் மகன்தான் பாபாசாகேப் அம்பேத்கர். கதவு மூடிய பிறகு வந்த தலைமுறைக்கு அந்த வழி இல்லை. மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கு மனு அனுப்பினார். முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917இல் 111ஆம் மகார் படைப்பிரிவை எழுப்பினார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் கலைத்தார்கள். மகார் ரெஜிமென்ட் நிலையாக வந்தது 1941இல், இன்னொரு போருக்கு ஆள் வேண்டியபோது. போர் வந்தால் ஆள் தேவை, போர் முடிந்தால் ஓய்வூதியம் தர வேண்டியிருக்கும் ஆள் தேவையில்லை. இது எந்த ஒரு நாட்டின் தனிச் சொத்தும் அல்ல.

சரி, அமெரிக்காவுக்குத் திரும்புவோம். கோப்பு உள்ளவர்கள், அதில் தப்பு இருந்தால் என்ன செய்தார்கள்?

1946 வரை ஒரே வழிதான்: ஒரு காங்கிரஸ் உறுப்பினரைப் பிடித்து, உங்கள் ஒருவர் பெயருக்கென்று தனி மசோதா கொண்டுவர வைக்க வேண்டும். ஹென்றி ஃபிளிப்பர் அதைத்தான் செய்து பார்த்தார். ஜார்ஜியாவில் 1856இல் அடிமையாகப் பிறந்தவர். 1877இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். டெக்சாஸின் ஃபோர்ட் டேவிஸில் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தபோது பணம் குறைந்தது. 1881இல் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. கையாடல் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டு, 'அதிகாரிக்குத் தகாத நடத்தை' என்று சொல்லி 1882 ஜூன் 30இல் பதவி நீக்கினார்கள். 1898 முதல் அவருக்காக காங்கிரஸில் மசோதாக்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் நிறைவேறவில்லை. 1940இல் இறந்தார்.

இப்படிப்பட்ட தனி மசோதாக்கள் குவிந்து காங்கிரஸுக்கே தலைவலியானதால்தான் 1946இல் சட்டம் மாறியது. இனி ஆவணத் திருத்தத்துக்குத் தனி மசோதா கொண்டுவரக் கூடாது. அதற்குப் பதில் துறைச் செயலர் சிவிலியன்களைக் கொண்ட வாரியம் ஒன்றின் மூலம் திருத்தலாம். சிப்பாய்கள் மேல் இரக்கப்பட்டு வந்த சட்டமல்ல இது, வேலைச் சுமையைக் குறைக்க வந்தது. ஆனாலும் அதில் இரண்டு சொற்கள் வந்து உட்கார்ந்தன. எந்த ராணுவ ஆவணத்தையும், 'பிழையைத் திருத்தவோ அநீதியை நீக்கவோ' தேவைப்பட்டால் மாற்றலாம். பிழை மட்டும் இல்லை. அநீதியும்.

அந்த 'அல்லது அநீதி'யைத்தான் நாங்கள் மீண்டும் மீண்டும் படித்தோம். பிழை என்றால், ஆவணத்தில் இருப்பது நடந்ததோடு பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். அநீதி என்றால், ஆவணம் நடந்ததை அப்படியே சொன்னாலும் நடந்ததே தப்பு என்று வாதாடலாம். ரிசர்வ் படையினர் இரண்டையும் பயன்படுத்தினார்கள். எழுத்தர் ஏற்றாமல் விட்ட பயிற்சி, தபால் வழிப் பாடத்துக்குத் தர வேண்டிய புள்ளி, தப்பாகப் போட்ட சேர்ந்த தேதி எல்லாம் பிழை. ஒருவருக்கு ஓர் ஆண்டு 49, அடுத்த ஆண்டு 80. இருபதுக்கு ஒரே ஓர் ஆண்டுதான் குறைகிறது. கணக்கு சரிதான், பிழை எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு உபரி ஆண்டிலிருந்து புள்ளியை நகர்த்தி, குறைந்த ஆண்டை நிரப்பிக் கொடுத்த வாரிய முடிவுகள் உண்டு. அதற்கு இடம் கொடுத்தது 'அநீதி' என்ற சொல்.

ஃபிளிப்பரின் கோப்பும் இந்த வாரியத்துக்குத்தான் வந்தது, அவர் இறந்து முப்பத்தாறு ஆண்டு கழித்து, 1976இல். தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்ய எங்களுக்கு அதிகாரமில்லை, ஆனால் பதவி நீக்கம் அளவுக்கு மீறிய கடுமை என்று சொல்லி, 1882 ஜூன் 30 தேதியிட்டு கௌரவமான பணி விடுவிப்பாக மாற்றினார்கள். தீர்ப்புக்கு அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கியது 1999இல்.

செத்தவருக்குக் காகிதம் கிடைக்கும். ஓய்வூதியம்?

அதற்கு பிரவுன்ஸ்வில்லைப் பார்க்க வேண்டும். 1906 ஆகஸ்டில் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரத்தில் இரவில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒருவர் இறந்தார். பக்கத்து முகாமில் இருந்த 25ஆம் காலாட்படையின் கறுப்பின வீரர்கள்தான் சுட்டார்கள் என்று நகரத்து வெள்ளையர்கள் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் முகாமில்தான் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, காட்டிக்கொடுக்க ஒன்றும் இருந்ததாகவும் தெரியவில்லை. அந்த மௌனத்தையே சதி என்று எடுத்துக்கொண்டு, எந்த நீதிமன்ற விசாரணையும் இல்லாமல், அதிபர் தியோடர் ரூசவெல்ட் 167 பேரையும் 'கௌரவமின்றி' வெளியேற்றினார். ஆணை வெளியானது காங்கிரஸ் தேர்தலில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு. வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ். 26 ஆண்டு பணி. அன்றைய சட்டப்படி 30 ஆண்டு முடித்த சிப்பாய்க்கு முக்கால் பங்கு சம்பளத்தில் ஓய்வு. அந்த வாசலருகே வந்து நின்றவரிடம் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். 'கௌரவமின்றி' என்ற முத்திரை இருந்தால் ஓய்வூதியமும் இல்லை, அரசு வேலையும் இல்லை.

1972இல் ராணுவம் அந்த ஆணையைத் திருத்தியது. 167 பேருக்கும் கௌரவமான விடுவிப்பு. பாக்கிச் சம்பளம் கிடையாது. அப்போது உயிரோடு இருந்தவர்களில் டோர்சி வில்லிஸ் ஒருவர், வயது 86. மினியாபொலிஸில் ஏறக்குறைய அறுபது ஆண்டு ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். 1973இல் தனிச் சட்டம் போட்டு 25,000 டாலர் கொடுத்தார்கள். அறுபத்தாறு ஆண்டுக்கு அதைப் பங்கு போட்டுப் பார்த்தோம்: ஆண்டுக்கு 379 டாலர், நாளுக்கு ஒரு டாலர் சொச்சம்.

இரண்டாம் உலகப் போரிலும் இதே வேலை நீலக் காகிதத்தில் நடந்தது. கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை என்று சொல்லிக்கொண்டு நீலத்தாளில் அச்சிட்டுக் கொடுத்த விடுவிப்பு. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை ராணுவம் கொடுத்த 48,603 நீலத்தாளில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போனது. ஐந்தில் ஒன்றுக்கு மேல். ராணுவத்தில் அவர்கள் பங்கு பதினைந்தில் ஒன்றுதான். ஓர்பால் ஈர்ப்பினரையும் இதே தாளால்தான் வெளியே தள்ளினார்கள். போர் முடிந்து வந்தவர்களுக்குக் கல்வி, வீட்டுக்கடன் என்று அரசு வாரி வழங்கிய சலுகைகளை நீலத்தாள் தடுத்தது.

வாரியத்தை நாங்கள் புகழவில்லை. அங்கே நிரூபிக்கும் சுமை மனுதாரர் தலையில். அரசு அலுவலகம் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும் என்ற அனுமானத்தில் தொடங்குகிறார்கள். தப்பு என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பிழை தெரிந்த மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும், தாமதமானால் வாரியம் மனது வைத்து மன்னிக்கலாம். எதைக் காட்டி நிரூபிப்பது? 1973 ஜூலை 12இல் செயின்ட் லூயிஸில் இருந்த தேசிய ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்பில் ஐந்தில் நான்கு சாம்பல். நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. அரசு தன் கையிலேயே எரிய விட்ட காகிதத்துக்கு, அறுபது வயதுக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியைத் தேட வேண்டியதானது. சம்பளச் சீட்டு வைத்திருந்தவர் தப்பித்தார். பழைய மாற்றல் உத்தரவு வைத்திருந்தவர் தப்பித்தார்.

1966இல் வந்த ஒரு சின்னத் திருத்தத்தையும் சொல்ல வேண்டும். அதன்படி, இருபது ஆண்டு முடித்தவருக்கு ஓராண்டுக்குள் 'நீ தகுதி பெற்றுவிட்டாய்' என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு, ஆண்டுக் கணக்கில் எங்கள் பக்கம் பிழை என்று சொல்லித் திரும்பப் பெற முடியாது. அவரே மோசடி செய்திருந்தால் ஒழிய. அரசின் தப்புக்கு அரசே பொறுப்பு என்று ஒரு முறையாவது சட்டம் எழுதிவைத்திருக்கிறது. நம் ஊரில் ஓய்வு பெறும் தூய்மைப் பணியாளருக்கு இப்படி ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மாணவி சொன்னார். கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

பணிப் பதிவேட்டில் சேர்ந்த தேதி மூன்று ஆண்டு தள்ளிப் போட்டிருந்த ஓர் அம்மாவுக்காகச் சென்ற மாதம் மனு எழுதினோம். 'பிழை' என்று எழுதிய இடத்தில் 'பிழையும் அநீதியும்' என்று சேர்த்தோம். வாங்கிப் படித்த எழுத்தர் பேனாவை எடுத்து, 'அநீதிக்கெல்லாம் இங்க காலம் கிடையாதுங்க' என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் கையால் எழுதி, அந்த அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.