ஜூன் 24: ஒரே தேதியில் இரண்டு பிறந்தநாள்

காலண்டரில் ஜூன் 24 சிவப்பு எழுத்தில் வருகிற நாள் இல்லை. பண்டிகை கிடையாது, லீவும் கிடையாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எந்த வகுப்பு எந்த அறையில் என்று தேடி அலைகிற மாதத்தில் வருகிற ஒரு சாதாரணத் தேதி. ஆனால் தமிழ்ப் பாட்டு கேட்கிறவனுக்கு அதைச் சும்மா கிழித்துப் போட மனசு வராது.

1927 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன் - விசாலாட்சி தம்பதிக்கு முத்தையா பிறந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1928 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் விஸ்வநாதன் பிறந்தார். முத்தையாதான் கண்ணதாசன். விஸ்வநாதன்தான் நம்ம எம்.எஸ்.வி.

விடுதியில் மேல்நாட்டு இசை கேட்டு வளர்ந்த நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். கிடார் மேதை ஜெஃப் பெக் 1944-லும், டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட் 1947-லும் இதே தேதியில் பிறந்தவர்கள்தான். 1966-ல் இதே நாளில் பீட்டில்ஸ் குழு ஜெர்மனியின் மியூனிக் நகரில் மேடை ஏறியது. எல்லாம் பெரிய சமாச்சாரம், சந்தேகமில்லை. ஆனால் அவை ஒன்றுக்கொன்று ஒட்டாத தனித்தனிச் செய்திகள். நம் ஊர் ஜூன் 24 அப்படியில்லை. அங்கே பிறந்த இரண்டு பேரில் ஒருவரை எடுத்துவிட்டால் இன்னொருவரின் பாதிப் பாட்டு காணாமல் போகும்.

இருவருமே மாணவராகக் கல்லூரிப் படி ஏறாதவர்கள். கவிஞர் படித்தது எட்டாம் வகுப்பு வரை. எம்.எஸ்.வி. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாத்தா வீட்டில் வளர்ந்து, கண்ணனூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றார். சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றிருக்கிறார். ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடிப் பையனாகக் காபி, டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்தக் கம்பெனியில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவுக்கு உதவியாளராகி, ஆர்மோனியத்துக்கு வந்து சேர்ந்தார்.

கவிஞருக்கு நம் பக்கத்துச் சம்பந்தமும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் நடத்திய 'சண்டமாருதம்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர் அவர். பின்னால் அதே கம்பெனியின் 'இல்லற ஜோதி' (1954) படத்துக்கு வசனமும் எழுதினார். ஆனால் முதல் சினிமாப் பாட்டுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. ஜூபிடரின் 'கன்னியின் காதலி' (1949). ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தைத் தழுவிய படம். நாம் நோட்ஸ் வாங்கி மனப்பாடம் பண்ணித் தேறிய ஷேக்ஸ்பியர்தான், எட்டாங்கிளாஸ் படித்த மனிதருக்குச் சினிமாக் கதவைத் திறந்துவிட்டார்! அந்தக் கம்பெனியில்தான் அந்த ஆர்மோனியப் பையனும் இருந்தார்.

1952-ல் 'பணம்' படத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்ற பெயர் வந்தது. 1958-ல் கண்ணதாசன் சொந்தமாக எடுத்த 'மாலையிட்ட மங்கை'க்கும் இசை அவர்கள்தான். அப்புறம் 1961. அந்த ஒரே வருஷத்தில் 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்'. சும்மா சொல்லக்கூடாது, மூன்று படத்தின் பெயரைச் சொன்னாலே நம் அப்பா அம்மா தலைமுறைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அடுத்து 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'கர்ணன்' (1964), 'காதலிக்க நேரமில்லை' (1964). காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலை ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவுக்கும் வளைவுக்கு ஒரு பாட்டு வைத்தாலும் இவர்கள் சேர்ந்து போட்டது தீராது.

அந்தப் பாட்டுகள் உருவான விதத்தை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டைரக்டர் கட்டத்தைச் சொல்வார். எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தில் மெட்டைப் பிடித்து, சொல்லுக்குப் பதிலாக 'தன்னானே' என்றோ 'லாலலா' என்றோ பாடிக் காட்டுவார். அதற்குத் தத்தகாரம் என்று பெயர். எத்தனை அசை, எங்கே நெடில், எங்கே மூச்சு விட இடம் என்பதெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். அந்த அளவுக்குள் அர்த்தத்தை உட்கார வைப்பது கவிஞர் பாடு. கண்ணதாசன் வாயால் சொல்லச் சொல்ல, பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர்கள் எழுதிக்கொள்வார்கள். சில நேரம் இது தலைகீழாக நடக்கும். வரி முதலில் வரும், மெட்டு அதன் பின்னால் ஓடும். கேட்கும்போது எது முந்தி, எது பிந்தி என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். நான் பல தடவை முயன்று தோற்றிருக்கிறேன்.

பாட்டு ஒரு ஆள் வேலை இல்லை என்பது கொல்லிமலைக்காரர்களுக்குப் பழைய செய்தி. புறநானூற்றில் 152-ம் பாட்டு வன்பரணர் பாடியது. யானையில் தொடங்கி உடும்பு வரை ஒரே அம்பில் துளைத்த வேட்டுவன் ஒருவனைக் காட்டில் பாணர் கூட்டம் பார்க்கிறது. முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவே அங்கே கூடிவிடுகிறது. கேட்டவன் வல்வில் ஓரி. இறைச்சியும் மதுவும் கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னும் மணியும் அள்ளித் தந்தான். அடுத்த பாட்டில் இன்னும் ஒரு படி மேலே. ஓரியிடம் பரிசு வாங்கிய கூட்டம் பசி தீர்ந்து ஆட்டத்தையும் பாட்டையுமே மறந்துபோனதாம். தேவாரத்தில் கொல்லி என்றே ஒரு பண் இருக்கிறது. அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்தான். ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வன்பரணர் பெயர் நமக்குத் தெரிகிறது. யாழ் வாசித்தது யார், முழவு அடித்தது யார்? போய்விட்டது.

இந்தச் சங்கடம் சினிமாவிலும் உண்டு. 'அபிமன்யு' (1948) படத்தின் ஒரு பாட்டுக்கு மெட்டு அமைத்தது உதவியாளராக இருந்த எம்.எஸ்.வி.; பெயர் வந்தது குருவுக்கு. அந்தக் குருவே பின்னர் முதலாளியிடம் உண்மையைச் சொல்லித் தம் சீடனுக்குச் சிபாரிசு செய்தார் என்று எம்.எஸ்.வி. நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லோருக்கும் அப்படி ஒரு குரு வாய்ப்பதில்லை. ஜூன் 24 என்றதும் நாம் இரண்டு பேரைக் கொண்டாடுகிறோம். 1922 மே 15-ல் பிறந்த டி.கே. ராமமூர்த்தியை எத்தனை பேர் நினைக்கிறோம்? 1963-ல் சென்னையில் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் கொடுத்தபோது அது பன்மையில்தான் கொடுக்கப்பட்டது. 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். பட்டமும் பொதுஜனத்தின் வாயில் ஒருமையாகச் சுருங்கிப்போனது. 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் மறைந்தார்கள்.

இலங்கை வானொலி இதில் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தது. பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். அதைக் கேட்டே நமக்குப் பாதி சினிமா வரலாறு மனப்பாடம். இன்று செல்போனில் பாட்டு ஓடுகிறது, நடிகர் படம் பளிச்சென்று தெரிகிறது. எழுதியவர் பெயரைத் தேடினால்தான் கிடைக்கிறது. யார் தேடுகிறார்கள்?

ஒரு சின்னச் சோதனை. நம் கல்லூரி விழா எதுவும் தமிழ்த்தாய் வாழ்த்தோடுதான் தொடங்கும். எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரனார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். 55 விநாடியில் பாடி முடிக்கிற அந்த மோகன ராக மெட்டு யாருடையது? 1970-ல் அரசு அந்தப் பாட்டை ஏற்றபோது மெட்டமைத்தவர் ஜூன் 24-ல் பிறந்த நம் விஸ்வநாதன்தான். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. மூன்று வருஷமும் எழுந்து நின்று பாடியிருக்கிறோம், தெரிந்தா பாடினோம்?

கவிஞர் 1981 அக்டோபர் 17-ல் சிகாகோவில் காலமானார். அவர் கடைசியாக எழுதிய பாட்டு இளையராஜா இசையில் 'மூன்றாம் பிறை' படத்தில் வந்தது. படம் வெளியானது 1982-ல். அவர் அதைத் திரையில் பார்க்கவில்லை.

சங்கச் செயலாளர் கவனத்துக்கு: 2027 ஜூன் 24-ல் கவிஞருக்கு நூற்றாண்டு. 2028 ஜூன் 24-ல் மெல்லிசை மன்னருக்கு நூற்றாண்டு. முதலாவது வியாழக்கிழமை, வேலைக்குப் போகிறவர்களுக்குக் கஷ்டம். இரண்டாவது சனிக்கிழமை. மலை மேல் செம்மேட்டில் ஒரு கூட்டம் போடலாம். ஆர்மோனியத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர், இசையமைத்தவர்கள் பெயரை இலங்கை வானொலி பாணியில் சொல்ல நல்ல குரலுள்ள மாணவர் ஒருவர் வேண்டும். விருப்பமுள்ள தம்பி தங்கைகள் இப்போதே பெயர் கொடுக்கலாம்.