கூட்டுறவு வீடும் குறுகிய வாசலும்

தனி ஒருவரால் ஆகாதது, பலர் கூடினால் ஆகும். கோட்டைப்பட்டினத்தில் கடலோடு வாழும் நமக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. படகில் ஏறுவோர் ஒன்றுபட்டால்தான் வலை கரை சேரும். அந்த உண்மையே சுவராகவும் கூரையாகவும் உருப்பெற்றதுதான் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூடிக் கடை திறந்தனர். கடைக்கு அடுத்து அவர்கள் வகுத்த குறிக்கோள் யாது? உறுப்பினர் குடியிருக்க வீடுகள்! பங்கு எத்தனை இருப்பினும் ஆளுக்கு ஒரு வாக்கு, எம்மதத்தாருக்கும் இடம். இதுவே அவர்கள் நெறி.

இந்தியாவில் கடன் சங்கம் அல்லாத பிற சங்கங்களுக்கும் 1912ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. 1915இல் பம்பாய் காம்தேவியில் தல்மாகி என்பாரின் முயற்சியால் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் எழுந்தது. இத்தகைய சங்கத்தில் உறுப்பினர் பங்குத் தொகை செலுத்துவர். சங்கம் கடன் பெற்றுக் கட்டடம் எழுப்பும். கட்டடம் சங்கத்தின் உடைமையாக நிற்கும். மாதந்தோறும் தரும் பணம் வீட்டுக்காரரின் பெட்டிக்குப் போகாது. கடனை அடைக்கும், பழுதைப் பார்க்கும். பொதுப்பேரவையில் எவரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். வாடகைக்கு அஞ்சி வாழ்ந்தவன் நிமிர்ந்து நின்றான்!

ஆனால், அச்சங்கத்தின் பெயரை நோக்குங்கள். அது ஒரு சாதியின் பெயரன்றோ? வாடகைச் சுமை இறங்கிற்று. சாதிச் சுமை இறங்கவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்னும் அகமதாபாத் சங்கமொன்றின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை அதற்கு அரணாயிற்று.

"ஒத்த பழக்கமுடையோர் ஒன்றாய் வாழ்ந்தால் என்ன கேடு?" என்பர் சிலர். உறவாட உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால், சட்டத்தின் நிழலிலும் அரசின் சலுகையிலும் வளரும் சங்கம், அயலான் என்று ஒருவனைப் பிறப்பால் தள்ளுவது எவ்வகை நீதி?

மறுவழியும் நம் மண்ணிலேயே உண்டு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்பது திட்டம். எனினும் அது அரசு கட்டித் தந்தது. மக்கள் தாமே கூடிக் கட்டியதன்று.

அங்கே கூட்டுறவு உண்டு, சமத்துவம் இல்லை; இங்கே சமத்துவம் உண்டு, கூட்டுறவு இல்லை. இரண்டையும் இணைப்பதே நம் தலைமுறையின் பணி. தோழர்களே, வீட்டுச் சங்கத்தில் சேருமுன் மனையின் விலையை மட்டும் கேளாதீர். துணைவிதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யார் உறுப்பினராகலாம் என்ற வரி குறுகியிருப்பின், பொதுப்பேரவையில் எழுந்து திருத்தம் கொண்டுவாருங்கள். அங்கே உங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு!